ரெக்கவரி வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, மேலே ஏற்றிய காருக்கு?

ஒற்றைவண்டி_சேலம்

எல்லோருக்கும் வணக்கம். ஏழு வருடமாக, மேலே காரை ஏற்றும் தட்டை மேடை உள்ள ஒரு பிளாட்பெட் வண்டி வைத்து, பழுதாகி நிற்கும் வண்டிகளை ஏற்றிப் போகும் ரெக்கவரி தொழில் செய்கிறேன். வண்டி என் பெயரில், ஓட்டுவதும் நான்தான், கூட ஒரு பையன் வருவான். ஐந்து ரோட்டிலிருந்து கொண்டலாம்பட்டி வரை ஊருக்குள் வரும் பிரேக்டவுன்தான் அதிகம். சனி, ஞாயிறு என்றால் ஏற்காட்டிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படகு இல்லம் பக்கத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஆட்டோமேட்டிக் கார். பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டது, ஹேண்ட்பிரேக்கும் சுவிட்ச் வகை. எப்படியோ நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, விஞ்ச் (கம்பியால் இழுத்து ஏற்றும் கருவி) போட்டு, மூக்கு என் கேபினைப் பார்க்கிற மாதிரி ஏற்றினேன். பின் சக்கரம் இரண்டின் பக்கமும் பெல்ட் மாட்டி, அதை இறுக்கும் பல்சக்கரமான ராட்சட்டை இறுக்கினேன். இறங்கும்போது நல்ல மழை. பாதி மலை தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் பிரேக் மிதித்ததும் முதுகுக்குப் பின்னால் டொக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இடம் கிடைத்ததும் ஓரங்கட்டி டார்ச் அடித்துப் பார்த்தால், வலது பக்கப் பெல்ட் நனைந்து தொய்ந்து கிடக்கிறது. கார் ஒரு சாண் முன்னால் உருண்டு, கேபினுக்குப் பின்னால் இருக்கும் இரும்புச் சட்டத்தில் முட்டி நிற்கிறது.

பம்பர், கிரில், உள்ளே ஏ.சி. கண்டென்சர், ரேடியேட்டர். ஒர்க்‌ஷாப்பில் 62,000 ரூபாய் எஸ்டிமேட். எனக்குப் பேசிய வாடகை 6,500.

ஒரு வருடம்கூட விடாமல் பேக்கேஜ் பாலிசி கட்டுகிறவன் நான். கிளைம் போட்டேன். 'வாகனத்தில் ஏற்றிச் செல்லப்படும் பொருளுக்கு நேரும் சேதம் இந்தப் பாலிசியில் அடங்காது' என்று இரண்டு வரியில் பதில் வந்துவிட்டது. ரெக்கவரி வண்டி என்று தெரிந்துதானே பிரீமியம் வாங்கினார்கள்? மேலே கார் ஏற்றாமல் நான் வேறென்ன ஏற்றுவேன்?

கார் உரிமையாளர் நல்ல மனிதர், பொறுமையாக இருக்கிறார். ஆனால் எத்தனை நாள் இருப்பார்? பணத்தை நானே கொடுப்பதா, அவர் பாலிசியில் போடச் சொல்வதா, என் கம்பெனியோடு மோதுவதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓமலூரான்

அண்ணே, உங்களுக்காவது கார். தொப்பூர் கணவாயில் நான் தூக்குவதெல்லாம் லோடு வண்டி. ஒன்று உருண்டால் வீட்டை விற்க வேண்டியதுதான். இந்த இழையைப் பின்தொடர்கிறேன்.

அம்மாபேட்டை_ஏஜென்ட்

தம்பி, மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் கம்பெனி எழுதியதில் பிழை இல்லை. 22 வருடமாகப் பாலிசி எழுதுகிறேன், இதே கேள்வியோடு வந்த ரெக்கவரி வண்டிக்காரர்கள் நிறையப் பேர். குற்றம் பாலிசி விற்கும்போது இதைச் சொல்லாத எங்கள் ஆட்களுடையது.

உங்கள் பேக்கேஜ் பாலிசியில் இரண்டு பெரிய பகுதிகள். முதல் பகுதி உங்கள் வண்டிக்கு வரும் சேதம். இரண்டாவது, உங்கள் வண்டியால் மூன்றாம் நபருக்கு வரும் சேதம். ரோட்டில் போகிறவருக்கு உயிர்ச்சேதமோ காயமோ என்றால் வரம்பே கிடையாது. அடுத்தவர் சொத்துக்கு என்றால் கமர்ஷியல் வண்டிக்கு 7.5 லட்சம் வரை. ஆனால் அந்த இரண்டாம் பகுதியிலேயே ஒரு விலக்கு இருக்கிறது. உங்கள் சொந்தப் பொருள், உங்கள் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட பொருள், உங்கள் வண்டி சுமந்து போகும் பொருள், இவற்றுக்குச் சேதம் வந்தால் கொடுக்க மாட்டார்கள். நீங்கள் இறங்கும்போது எதிரே வந்த காரில் இடித்திருந்தால் அதற்குப் பணம் வந்திருக்கும். முதுகில் இருந்த கார் உங்கள் பொறுப்பில் இருந்ததால் வரவில்லை.

இன்னொரு இடமும் இருக்கிறது. பாலிசிப் புத்தகத்தில் 'பழுதான வாகனத்தை இழுத்தல்' என்று ஒரு பத்தி வரும். அதைப் பார்த்துப் பலர் நமக்குக் கவர் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். முழுதாகப் படியுங்கள். பழுதான ஒரு வண்டியை வாடகை வாங்காமல் இழுத்துப் போனால் பாலிசி செல்லும், அப்போதும் இழுக்கப்படும் வண்டிக்கு வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்றுதான் இருக்கும். வழியில் நின்ற நண்பரின் வண்டியைக் கயிறு கட்டி இழுப்பவருக்காக எழுதிய பத்தி அது. தொழிலாகச் செய்பவருக்கு இல்லை.

உங்கள் ஆர்.சி.யில் என்ன வகை என்று போட்டிருக்கிறது? சரக்கு வண்டியா, பிரேக்டவுன் வேனா? இதைச் சொன்னால்தான் மேற்கொண்டு பேச முடியும்.

ஒற்றைவண்டி_சேலம்

பார்த்தேன் அண்ணா. ஆர்.சி.யில் ரெக்கவரி வண்டி என்றுதான் இருக்கிறது. பாலிசியில் 'சரக்கு வண்டி' என்று இருக்கிறது. இத்தனை வருடம் நான் கவனிக்கவே இல்லை.

அம்மாபேட்டை_ஏஜென்ட்

அப்படியானால் முதலில் இதைச் சரி செய்யுங்கள், நாளைக்கே. பிரேக்டவுன் வண்டி, மொபைல் கிரேன் எல்லாம் 'பலவகை, சிறப்பு வகை வாகனம்' என்ற தனி வகுப்பில் வரும். 2022 ஜூனில் வந்த கட்டணப்படி, மொத்த எடை 7,500 கிலோ வரை உள்ள சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் பிரீமியமே 16,049 ரூபாய். சிறப்பு வகைக்கு அதில் பாதிகூட வராது. நீங்கள் இத்தனை வருடம் அதிகமாகக் கட்டியும், தொழிலுக்குப் பொருந்தாத பாலிசி வைத்திருந்தீர்கள். சில இடங்களில் இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. பிரீமியம் குறையும் என்பதற்காக, சரக்கு வண்டி ஆர்.சி. வைத்துக்கொண்டு சிறப்பு வகையில் பாலிசி எடுப்பார்கள். கிளைம் வரும் நாளில், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் கேட்கும் முதல் காகிதம் ஆர்.சி.தான்.

மலைப்பாதைக்காரன்

நான் ஏற்காட்டிலேயே இருக்கிறேன், மலையில் மட்டும்தான் வேலை. இன்சூரன்ஸ் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். நான் பெல்ட் பற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மூக்கு கேபினைப் பார்க்க ஏற்றிய காரை மலை ஏறும்போது விஞ்ச் கம்பி பிடித்துக்கொள்ளும். இறங்கும்போது அந்தக் கம்பியால் ஒரு பிரயோசனமும் இல்லை. வண்டியின் எடை முழுக்க முன்னால் தள்ளும், பின் சக்கரத்துப் பெல்ட் இரண்டும்தான் அதைப் பிடிக்க வேண்டும். ஊருக்குள் இரண்டு பெல்ட் போதும். இந்த 20 கொண்டை ஊசி வளைவுக்கு நான்கு சக்கரத்துக்கும் நான்கு பெல்ட், முன் சக்கரத்துக்கு முன்னால் கட்டை. அப்புறம், பெல்ட்டை டயர் மேல் சுற்றித்தான் இறுக்க வேண்டும். காரின் அடிச்சட்டத்தில் எங்காவது கொக்கி மாட்டினால், காரின் சஸ்பென்ஷன் ஒரு குலுக்கலில் கீழே அமுங்கும்போது பெல்ட் தொய்ந்துவிடும். நைலான் பெல்ட் நனைந்தால் கொஞ்சம் நீளும், ராட்சட் பல்லில் மண் இருந்தால் ஒரு பல் நழுவும். நான் இறங்கத் தொடங்கி முதல் இரண்டு வளைவு தாண்டியதும் ஓரங்கட்டி, நான்கு பெல்ட்டையும் உள்ளங்கையால் தட்டிப் பார்ப்பேன். இறுகிய பெல்ட் தட்டினால் விண் என்று இருக்கும். தொய்ந்தது தொப் என்று இருக்கும். எத்தனை அவசரம் என்றாலும் இதை விடுவதில்லை.

இன்னொரு பாதையான குப்பனூர் வழியாக இறங்கினாலும் இதே கதைதான்.

ஒற்றைவண்டி_சேலம்

கோபம் எதற்கு அண்ணே. அடிச்சட்டத்தில்தான் மாட்டினேன். இதை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பழைய_டிரைவர்_சூரமங்கலம்

எதற்கு இவ்வளவு குழப்பம்? 14 வருடம் இந்தத் தொழில் செய்தேன். ஏற்றும் முன்னால் பார்ட்டியிடம் 'என் சொந்தப் பொறுப்பில் வண்டியைக் கொடுக்கிறேன்' என்று ஒரு கையெழுத்து வாங்கிவிடுவேன். ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.

அஸ்தம்பட்டி_வக்கீல்

ஐயா, உங்களை யாரும் கேட்காதது உங்கள் நல்ல நேரம். அந்தக் கையெழுத்து கோர்ட்டில் நிற்காது. 'உரிமையாளர் பொறுப்பு' என்று எழுதி வாங்கினாலும், சுமந்து செல்பவரின் அலட்சியத்தால் வந்த நஷ்டத்துக்கு அவரே பொறுப்பு என்று 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஒற்றைவண்டி நண்பருக்கு: வாடகை வாங்கிக்கொண்டு யார் கேட்டாலும் பொருளை ஏற்றிப் போகிறவரை 2007-ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குச் சட்டம் பொதுச் சுமையாளர் என்கிறது. 1865-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம் இது. இதன்படி கார் உரிமையாளர் உங்கள் அலட்சியத்தை நிரூபிக்கத் தேவையே இல்லை. ஒப்படைத்தேன், சேதமாகித் திரும்பியது என்று காட்டினால் போதும். ஆனால் அதே சட்டம் சுமப்பவருக்கும் ஒரு பாதுகாப்பு கொடுக்கிறது. பதிவு பெற்று, முறையாகச் சரக்கு ரசீது போட்டு, அதில் உரிமையாளர் கூடுதல் மதிப்பு எதுவும் அறிவிக்காமல் இருந்தால், பொறுப்பு வாடகையைப் போல பத்து மடங்கு வரைதான். உங்கள் கணக்கில் 65,000. எஸ்டிமேட் அதற்குள்ளேயே இருப்பதால் இந்த முறை அது உங்களுக்கு உதவாது. ஆனால் நாளைக்கு 40 லட்சம் ரூபாய் கார் ஏறினால் அந்த ரசீதுதான் உங்களைக் காப்பாற்றும். நீங்கள் ரசீது போடுகிறீர்களா?

ஒற்றைவண்டி_சேலம்

வாட்ஸ்அப்பில் இடமும் தொகையும் அனுப்புவேன். அவ்வளவுதான் சார்.

அஸ்தம்பட்டி_வக்கீல்

அப்படியானால் ரசீதுப் புத்தகம் ஒன்று அடியுங்கள், பதிவையும் முடியுங்கள். இப்போதைய விஷயத்துக்கு வருகிறேன். கார் உரிமையாளரிடம் முழு பாலிசி இருக்கிறதா, மூன்றாம் நபர் பாலிசி மட்டுமா? முழு பாலிசி என்றால், சேதத்துக்கான காரணங்களின் பட்டியலில் 'சாலை, ரயில், உள்நாட்டு நீர்வழி, லிஃப்ட், விமானம் வழியாகக் கொண்டுசெல்லும்போது' என்று ஒரு வரி இருக்கும். உங்கள் வண்டி மேல் இருந்தபோது அடிபட்டது அதில் அடங்கும். அவர் கம்பெனி அவருக்குக் கொடுக்கும்.

இதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, கிளைம் போட்டால், கிளைம் போடாத வருடங்களுக்காகக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி, அதாவது அவருடைய நோ கிளெய்ம் போனஸ், போய்விடும். 50 சதவீதத்தில் இருந்தவர் அடுத்த வருடம் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். அதோடு கட்டாயக் கழிவு (கிளைமில் அவரே ஏற்க வேண்டிய தொகை), பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதத் தேய்மானம் என்று அவர் கையிலிருந்தும் போகும். பம்பர் பிளாஸ்டிக்தான். இந்த நஷ்டத்தை நீங்கள் ஏற்பதுதான் நியாயம். இரண்டு, அவருக்குப் பணம் கொடுத்த கம்பெனி, அவருடைய உரிமையை எழுதி வாங்கிக்கொண்டு உங்களிடம் வசூலிக்க வரலாம். வர வேண்டும் என்றில்லை, ஆனால் வரலாம். அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

குரங்குச்சாவடி_வாசகர்

நான் தொழில் செய்பவன் இல்லை, கார் வைத்திருப்பவன். இரண்டு வருடம் முன்னால் என் காரை ஏற்றிப் போனபோது முன் பம்பரின் அடிப்பகுதி கிழிந்தது. ஏற்றும் சாய்வு அதிகம், கார் தாழ்வானது. ஏற்றியவர் 'இது முன்பே இருந்தது' என்றார். என்னிடம் போட்டோ இல்லை, அவரிடமும் இல்லை. மூவாயிரம் ரூபாய் பெரிதில்லை, ஆனால் பொய் சொன்னவனாக நிற்க வேண்டியிருந்தது. அது இன்னும் மனதில் இருக்கிறது. தயவுசெய்து ஏற்றும் முன்னால் நான்கு பக்கமும் சுற்றி ஒரு வீடியோ எடுங்கள். எங்களுக்கும் அனுப்புங்கள்.

கிரேன்_சங்ககிரி

கார் விஷயம் பேசும் இடத்தில் கிரேன் பற்றியும் ஒரு வார்த்தை. என் கிரேன் பவானி ரோட்டில் கவிழ்ந்த லாரியைத் தூக்கும்போது தானே சாய்ந்துவிட்டது. ஓடும்போது கவிழ்ந்தால் பாலிசி உண்டு. தூக்கும்போது, அதாவது கருவியாக வேலை செய்யும்போது கவிழ்ந்தால் கிடையாது. ஐ.எம்.டி. 47 என்று ஒரு எண்டார்ஸ்மென்ட், அதாவது கூடுதல் விதி, பாலிசியில் ஒட்டியிருக்கும், அதில்தான் இந்த விலக்கு. கூடுதல் பிரீமியம் கட்டினால் கவிழ்வதற்கான கவர் சேர்த்துக் கொடுப்பார்கள். நான் கட்டவில்லை. கிரேனின் தூக்கும் கையான பூம் மாற்றிய செலவு முழுக்க என் கை. மொபைல் கிரேன் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இன்றைக்கே பாலிசியை எடுத்து 47 என்ற எண் இருக்கிறதா, 'கவிழ்தல் சேர்க்கப்பட்டது' என்று இருக்கிறதா பாருங்கள்.

ஓமலூரான்

சரி, அப்போது மேலே ஏற்றும் காருக்கு என்னதான் பாலிசி? அப்படி ஒன்று இருக்கிறதா இல்லையா?

அம்மாபேட்டை_ஏஜென்ட்

இருக்கிறது. சுமப்பவர் பொறுப்பு பாலிசி, ஆங்கிலத்தில் கேரியர்ஸ் லீகல் லையபிலிட்டி என்பார்கள். லாரி டிரான்ஸ்போர்ட்காரர்கள் எடுப்பது. மோட்டார் பாலிசி எழுதும் கவுண்டரில் கேட்டால் தெரியாது என்பார்கள், மரைன் அல்லது லையபிலிட்டி பிரிவில் கேளுங்கள். ஒரு தடவைக்கு இவ்வளவு, வருடத்துக்கு இவ்வளவு என்று வரம்பு நீங்களே சொல்லலாம். நீங்கள் வழக்கமாக ஏற்றும் காரில் அதிக விலையுள்ளது எதுவோ அதை ஒரு தடவை வரம்பாக வையுங்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், பொறுமையாகப் படியுங்கள். இந்தப் பாலிசியின் வழக்கமான வாசகம், 'வண்டிக்கு நேர்ந்த விபத்தாலோ தீயாலோ' சரக்குக்கு வந்த சேதம் என்று இருக்கும். ஒற்றைவண்டித் தம்பிக்கு நடந்ததைப் பாருங்கள். அவர் வண்டிக்கு ஒரு விபத்தும் இல்லை. லைட்கூட உடையவில்லை. மேலே இருந்த கார் மட்டும் உருண்டது. அந்த வாசகத்தோடு பாலிசி எடுத்திருந்தாலும் 62,000 கிடைத்திருக்காது. அதனால் 'ஏற்றும்போது, இறக்கும்போது, மேடையில் நகர்ந்து, விஞ்ச் கம்பி அறுந்து வரும் சேதமும் சேரும்' என்று பாலிசியிலேயே எழுதி வாங்க வேண்டும். ஏஜென்ட் வாயால் சொல்வது கணக்கில் வராது, நான் சொன்னாலும் சரி. ஒரு கம்பெனி முடியாது என்றால் அடுத்த கம்பெனி. மெயிலில் கேளுங்கள், மெயிலில் பதில் வாங்குங்கள்.

வழியில் நின்ற வண்டிக்கு உதவி அனுப்பும் ரோடுசைட் அசிஸ்டன்ஸ் கம்பெனிகளுக்கு ஓட்டுபவர்கள் அவர்களோடு போட்ட ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். எந்தச் சேதம் வந்தாலும் நீங்களே முழுப் பொறுப்பு என்று ஒரு பத்தி பெரும்பாலும் இருக்கும். ஒப்பந்தத்தால் நீங்களாக ஏற்றுக்கொண்ட பொறுப்புக்கு மோட்டார் பாலிசி பணம் தராது. கையெழுத்துப் போடும் முன்னால் அந்தப் பத்தியை எனக்கோ வக்கீல் சாருக்கோ காட்டுங்கள், பணம் எதுவும் வேண்டாம்.

மலைப்பாதைக்காரன்

ராத்திரி இறக்கிய காரை ஒர்க்‌ஷாப் திறக்கும் வரை என் ஷெட்டில் நிறுத்துகிறேனே, அதற்கு?

அம்மாபேட்டை_ஏஜென்ட்

ஷெட்டில் நிற்கும்போது அது பயணத்தில் இல்லை. மோட்டார் டிரேட் பாலிசியில் உள்வளாக அபாயம் என்று ஒரு வகை உண்டு, ஒர்க்‌ஷாப்காரர்கள் எடுப்பது. உங்கள் இடத்தில், உங்கள் பொறுப்பில் நிற்கும் அடுத்தவர் வண்டிக்கு அது. மாதத்துக்கு நான்கைந்து கார் நிற்கிறது என்றால் எடுங்கள்.

அப்புறம் யாருமே கேட்காத ஒன்றை நானே சொல்கிறேன். கூட வரும் பையன். தம்பி, உங்கள் பையன் பெயரில் என்ன இருக்கிறது?

ஒற்றைவண்டி_சேலம்

ஒன்றும் இல்லை அண்ணா. தினக்கூலிதான். 25 வயது, என் சித்தி ஊர்ப் பையன்.

அம்மாபேட்டை_ஏஜென்ட்

விஞ்ச் கம்பி அறுந்து அடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தினக்கூலி ஆளுக்கும் இழப்பீட்டுப் பொறுப்பு உங்களுடையது. முன்பு 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்தது, 2025 நவம்பரிலிருந்து சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் வருகிறது. உயிரே போனால் கணக்கு இப்படி: மாதக் கூலியில் பாதி, அதை வயதுக்கு உரிய எண்ணால் பெருக்க வேண்டும். கூலி எவ்வளவு என்றாலும், 2020-ல் வந்த அறிவிப்புப்படி 15,000 வரைதான் கணக்கில் எடுப்பார்கள். 25 வயதுக்கு எண் 216.91. 7,500-ஐ அதால் பெருக்கினால் 16,26,825 ரூபாய். பாலிசியில் டிரைவர், கிளீனருக்கான பொறுப்பைச் சேர்க்க, ஐ.எம்.டி. 28, ஒரு ஆளுக்கு வருடத்துக்கு 50 ரூபாய். ஆமாம், ஐம்பது ரூபாய். உங்கள் பாலிசியின் முதல் பக்கத்தில் அந்த 50 இருக்கிறதா, எத்தனை ஆள் என்று போட்டிருக்கிறது, பாருங்கள்.

நீங்களே ஓனர், நீங்களே டிரைவர் என்பதால் உங்களுக்கான 15 லட்சம் விபத்துக் கவரும் இருக்க வேண்டும்.

ஓமலூரான்

பார்த்தேன் அண்ணே. என் பாலிசியில் ஒரு ஆள் என்று இருக்கிறது. நாங்கள் போவது மூன்று பேர். நாளைக்குக் காலையில் முதல் வேலை இதுதான்.

லைசென்ஸ் பற்றியும் ஒரு சந்தேகம். என்னிடம் ஒரு சின்ன ரெக்கவரி வண்டியும் இருக்கிறது, அதை ஓட்டும் ஆளிடம் கார் லைசென்ஸ் மட்டும்தான். பிரச்சினை வருமா?

அஸ்தம்பட்டி_வக்கீல்

மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் இலகுரக வாகன லைசென்ஸ் போதும். 2017-ல் வந்த தீர்ப்பை 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் உறுதி செய்துவிட்டது. எடை என்பது வண்டியும் பாரமும் சேர்த்து ஆர்.சி.யில் பதிவான எடை, அதை மட்டும் பாருங்கள்.

இன்னொன்று. நியாயமான கிளைமைக் கம்பெனி மறுத்தால், முதலில் அவர்களுக்கே எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ, சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன், அதாவது புகார்களை விசாரிக்கும் அதிகாரி, இருக்கிறார். சொந்தப் பெயரில் தனியாகத் தொழில் செய்பவரும் போகலாம், 50 லட்சம் வரை கேட்கலாம், கட்டணம் இல்லை. மறுத்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். ஆனால் ஒற்றைவண்டி நண்பரே, உங்கள் விஷயத்தில் போகச் சொல்ல மாட்டேன். விலக்கு தெளிவாக இருக்கிறது. அந்த நேரத்தை அடுத்த பாலிசிக்குச் செலவிடுங்கள்.

ஒற்றைவண்டி_சேலம்

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்லாமல் விட்டால் தப்பு.

கார்க்காரரைச் செவ்வாய்ப்பேட்டையில் நேரில் பார்த்து, இங்கே வக்கீல் சார் எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். அவர் தன் பாலிசியில் கிளைம் போடச் சம்மதித்தார். போனஸ் போனது, தேய்மானம், கழிவு எல்லாம் சேர்த்து 27,000 ஆனது. இரண்டு தவணையாகக் கொடுக்கிறேன், முதல் தவணை கொடுத்துவிட்டேன். நாளைக்கு அவர் கம்பெனி என்னிடம் வந்தாலும் வரட்டும், முகம் கொடுப்பேன்.

என் பாலிசியைச் சிறப்பு வகைக்கு மாற்றியாகிவிட்டது. பையனுக்கு 50 ரூபாய் சேர்த்தாகிவிட்டது. அந்த ரசீதைக் கையில் வாங்கியபோது கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். ஏழு வருடம் அவனை விஞ்ச் பக்கத்தில் நிறுத்தி வேலை வாங்கியிருக்கிறேன்.

சுமப்பவர் பொறுப்பு பாலிசிக்கு மூன்று கம்பெனிகளுக்கு மெயில் போட்டேன். ஒன்று பதிலே இல்லை. ஒன்று, வண்டிக்கு விபத்து என்றால் மட்டும்தான் என்றது. மூன்றாவது கம்பெனி ஏற்றுவது, இறக்குவது, மேடையில் நகர்வது மூன்றையும் சேர்க்கிறோம், ஆனால் நான்கு சக்கரத்துக்கும் பெல்ட் போட்ட போட்டோ ஒவ்வொரு தடவையும் வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறது. ஒப்புக்கொண்டேன். ரசீதுப் புத்தகமும் அச்சில் இருக்கிறது.

மலைப்பாதை அண்ணே, டயர் மேல் சுற்றும் பெல்ட் வாங்கிவிட்டேன். மாட்டும் முறைதான் சரியாகப் பிடிபடவில்லை.

மலைப்பாதைக்காரன்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அடிவாரம் வந்துவிடுங்கள், கூட்டம் ஏறுவதற்கு முன்னால். என் வண்டியையும் ஒரு பழைய காரையும் கொண்டுவருகிறேன். பையனையும் கூட்டி வாருங்கள், அவன்தான் மாட்டப் போகிறவன்.